கணக்குக் கேட்காத பக்தி

2024 டிசம்பர் 4ஆம் நாள் இரவு, ஹைதராபாத் ஆர்.டி.சி. கிராஸ் ரோட்ஸ் பகுதியில் உள்ள சந்தியா திரையரங்கில் ‘புஷ்பா 2’ படத்தின் சிறப்புக் காட்சி நடந்தது. படத்தின் நாயகன் அங்கே நேரில் வந்தார். அவரைக் காண முண்டியடித்த கூட்டத்தில் சிக்கி ஒரு பெண் உயிரிழந்தார். அவருடைய சிறு மகன் நினைவிழந்து மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தான். குடும்பத்தோடு படம் பார்க்க வந்தவர்கள் அவர்கள்.

அதையடுத்த நாட்களில் படித்தவர்கள் வாயிலிருந்து நான் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே விளக்கம்: “இது விக்கிரக வழிபாட்டு நாடு. கல்லைக் கும்பிட்டுப் பழகியவர்கள் நடிகனையும் கும்பிடுகிறார்கள். வேறென்ன நடக்கும்?” பகுத்தறிவு பேசுவோர் இதை ஏளனமாகச் சொன்னார்கள். பண்பாடு பேசுவோர் இதையே பெருமிதத்தோடு, “பக்தி நம் ரத்தத்தில் ஊறியது” என்றார்கள். எதிரெதிர் முகாம்களில் நிற்கும் இருவரும் இந்த ஓரிடத்தில் கைகுலுக்கிக்கொள்வது எனக்கு வியப்பளிக்கவில்லை, கவலையளித்தது. ஏனெனில் இரு கூற்றுகளுக்கும் விளைவு ஒன்றே. இறந்தவர் தம் பக்தியால் இறந்தார். ஆகவே யாரும் பொறுப்பில்லை.

நட்சத்திர வழிபாட்டுக்கும் இந்து பக்திக்கும் ஒற்றுமை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒற்றுமை உண்டு, கண்ணை உறுத்தும் அளவுக்கு உண்டு. ஆனால் பக்தியிலிருந்து எது எடுத்துக்கொள்ளப்பட்டது, எது கவனமாக விட்டுவிடப்பட்டது என்பதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அந்தப் பிரிவினையில்தான் அரசியல் இருக்கிறது என்பதே என் வாதம்.

முதலில் ஒற்றுமைகளை ஒப்புக்கொள்வோம். கட்அவுட்டுக்குப் பாலாபிஷேகம், திரைக்கு முன்னால் சூடம், தேங்காய் உடைத்தல், வேண்டுதல், மொட்டை, விடியற்காலைக் காட்சிக்கு இரவெல்லாம் கண்விழித்தல் என்று சடங்குகளின் பட்டியல் நாம் அறிந்ததே. கொல்கத்தாவில் அமிதாப் பச்சனின் ரசிகர்கள் அவருக்கென ஒரு கோயிலே அமைத்து, அவர் படத்தில் அணிந்த காலணிகளை வைத்துப் பூசை செய்கிறார்கள். ராமனின் பாதுகையை அரியணையில் ஏற்றிய பரதனின் கதையை அறிந்த நாட்டில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கொடுக்கல் வாங்கல் இந்தியத் திரைப்படம் பிறந்தபோதே தொடங்கிவிட்டது. 1917இல் பால்கேயின் ‘லங்கா தகன்’ படத்தில் ராமன் திரையில் தோன்றியதும் பார்வையாளர்கள் காலணிகளைக் கழற்றினார்கள் என்று திரைப்பட வரலாறுகள் கூறுகின்றன. அந்தப் படத்தில் ராமனாகவும் சீதையாகவும் நடித்தவர் சாலுங்கே என்ற ஒரே ஆண். 1975இல் ‘ஜெய் சந்தோஷி மா’ வெளிவந்தபோது திரையை நோக்கிப் பூவும் காசும் எறியப்பட்டன. அதுவரை பரவலாக அறியப்படாத ஒரு தெய்வத்துக்கு வட இந்தியாவெங்கும் வெள்ளிக்கிழமை விரதம் பெருகியது அந்தப் படத்துக்குப் பிறகுதான். கோயில் திரையரங்குக்குக் கொடுத்தது மட்டுமன்று. திரையரங்கும் கோயிலுக்குத் திருப்பிக் கொடுத்தது. 1987 ஜனவரி முதல் தூர்தர்ஷனில் ‘ராமாயணம்’ ஒளிபரப்பானபோது தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலையிட்டார்கள். சீதையாக நடித்தவரின் காலில் விழுந்தார்கள். 1991இல் அந்தச் சீதை வடோதராவிலிருந்தும் ராவணன் சாபர்காண்டாவிலிருந்தும் மக்களவைக்குச் சென்றார்கள். ராமன் மட்டும் 2024 வரை காத்திருந்து மீரட்டில் வென்றார்.

ஆந்திரத்தின் கதை இன்னும் துலக்கமானது. கிருஷ்ணனாகவும் ராமனாகவும் பல படங்களில் நடித்த என்.டி. ராமராவின் முகமே தெலுங்கு வீடுகளின் நாட்காட்டிகளில் கிருஷ்ணனின் முகமானது. திருப்பதிக்கு வந்த யாத்திரிகர்கள் அப்படியே சென்னைக்குப் பேருந்து ஏறி, அவர் வீட்டு வாசலில் நின்று, அவரையும் தரிசித்துவிட்டு ஊர் திரும்பினார்கள். 1982 மார்ச்சில் கட்சி தொடங்கினார். 1983 ஜனவரியில் முதலமைச்சரானார். இடையில் ஒன்பது மாதங்கள்.

ஆகவே ஒற்றுமை உண்மை. ஆனால் அதைக் காரணமாக நிறுத்துவது பிழை. “இந்து மனத்தின் இயல்பு” என்றால், அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் 1998இல் மரடோனாவின் பெயரால் ஒரு ‘திருச்சபை’ ஏன் தோன்றியது? எல்விஸ் பிரெஸ்லி இறந்த ஆகஸ்டு மாதத்தில் ஆண்டுதோறும் மெம்பிஸ் நகரில் அவர் வீட்டுக்கு மெழுகுவத்தி ஏந்தி ஊர்வலம் போகிறவர்கள் எந்த ஆகமத்தைப் பின்பற்றுகிறார்கள்? நம் நாட்டிலேயே ரசிகர் மன்றங்களில் இஸ்லாமியரும் கிறித்தவரும் எத்தனை பேர்! ஒவ்வொரு சமூகமும் தன் ஆராதனையைத் தன் கையிலிருக்கும் சடங்கு மொழியில்தான் வெளிப்படுத்தும். நம்மிடம் பாலும் சூடமும் இருக்கின்றன. அவர்களிடம் மெழுகுவத்தி இருக்கிறது. சடங்கு மொழி என்பது காரணமன்று.

இதைவிட முக்கியமான மறுப்பு ஒன்று உண்டு. இந்நாட்டில் மிகப் பெரும்பான்மையோருக்குக் கருவறையின் அருகே போகும் உரிமை என்றுமே இருந்ததில்லை. பலருக்குக் கோயில் தெருவில் நடக்கும் உரிமைகூட இல்லை. வைக்கத்தில் 1924இல் போராட்டம் தொடங்கியது கோயிலுக்குள் நுழைவதற்காகக்கூட அன்று. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காக. அப்படிப்பட்ட சமூகத்தில் திரையரங்கு ஒரு புதுமை. காசு கொடுத்தவர் எவரும் உள்ளே போகலாம். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலைக்கூடம் திரையரங்குதான் என்று கா. சிவத்தம்பி எழுதியது இந்தியா முழுமைக்கும் பெரிதும் பொருந்தும். தரைக்கட்டணத்தில் அமர்ந்தவன்தான் திரைக்கு மிக அருகில் அமர்ந்தான். கோயிலில் கடைசியில் நிறுத்தப்பட்டவனுக்கு இங்கே முதல் வரிசை. நாயகன் கண்ணை நேராகப் பார்க்கும் வாய்ப்பு அவனுக்கு வாழ்வில் கிடைத்த முதல் தடையற்ற தரிசனம். அதை ‘மூடபக்தி’ என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு பேசுவது எளிது. நட்சத்திர ஆராதனையைச் சமய உணர்வாகச் சுருக்கிவிடக் கூடாது, அதிகாரத்தில் பங்கற்றவர்களின் அரசியல் ஏக்கம் அதில் இருக்கிறது என்று எம். மாதவ பிரசாத் வாதிடுவதும் இதையொட்டியதுதான். ரசிகர் மன்றத்தில் ஒருவன் பெயர் சுவரொட்டியில் அச்சாகிறது. அவன் ரத்தம் கொடுக்கிறான், வெள்ளத்தில் சோறு போடுகிறான், தன் தெருவில் நான்கு பேருக்குத் தெரிந்த மனிதனாகிறான். இதை ஏளனம் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அப்படியானால் என் குற்றச்சாட்டு யார்மீது?

கோயிலிலிருந்து நட்சத்திர வழிபாடு எடுத்துக்கொண்டவற்றில் மிக முக்கியமானது பாலாபிஷேகமன்று. தரிசனத்தை அரிதாக்கும் வித்தை. கோயிலில் மூலவர் அசையாமல் கருவறையில் இருப்பார். உற்சவர் குறித்த நாளில் வீதிக்கு வருவார். நட்சத்திரத்துக்கும் இரு திருமேனிகள். மூலவர் திரையில் இருக்கிறார். டிக்கெட் வாங்கினால் எந்நாளும் காணலாம். உற்சவர் எப்போதாவது கூரை திறந்த காரில் எழுந்தருளுகிறார். அண்மைக் காலத்தில் நிகழ்ந்த நெரிசல் மரணங்களைப் பாருங்கள். அவை பெரும்பாலும் மூலவர் முன்னால் நிகழ்ந்தவையல்ல. உற்சவர் புறப்பாட்டில் நிகழ்ந்தவை. ஹைதராபாதில் நாயகன் வந்தபோது. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே, கோப்பை வென்ற கிரிக்கெட் அணியைக் காணவந்தபோது. 11 பேர் இறந்தனர். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில், நடிகராயிருந்து கட்சித் தலைவரானவரை பல மணி நேரம் காத்திருந்து காணவந்தபோது. 41 பேர் இறந்தனர்.

இவற்றோடு, நடிகரோ ஆட்டக்காரரோ இல்லாத ஒரு நிகழ்வையும் சேர்த்துப் பாருங்கள். 2024 ஜூலை 2 அன்று உத்தரப் பிரதேசத்தின் ஹாத்ரஸ் மாவட்டத்தில் ஒரு சாமியாரின் சத்சங்கம். முதல் தகவல் அறிக்கையின்படி அனுமதி 80,000 பேருக்கு. வந்தவர்கள் இரண்டரை லட்சம் பேர். சாமியார் புறப்பட்டபோது அவர் காலடி மண்ணை எடுக்கக் கூட்டம் ஓடியது. 121 பேர் இறந்தனர், பெரும்பாலோர் பெண்கள். முதல் தகவல் அறிக்கையில் சாமியாரின் பெயர் குற்றம் சாட்டப்பட்டவராக இடம்பெறவில்லை. தலைமைச் சேவகரின் பெயர் இருந்தது.

கோயில்கள் இதில் குற்றமற்றவை என்று யாரும் எண்ண வேண்டாம். 2025 ஜனவரி 8 அன்று திருப்பதியில் வைகுண்ட வாசல் தரிசனத்துக்கான டோக்கன் வாங்க நின்ற கூட்டத்தில் ஆறு பேர் இறந்தார்கள். இறைவனைக் காணும்போதுகூட அன்று. காண்பதற்கான சீட்டைப் பெறும்போது. இதுதான் நான் சொல்ல விரும்பும் ஒற்றுமை. பெருமாளும் நடிகரும் ஒன்று என்பதன்று. டோக்கனும் சிறப்புக் காட்சி டிக்கெட்டும் ஒன்று. எல்லோரும் காண விரும்பும் ஒன்றைச் சிலர் மட்டும் முதலில் காணலாம் என்று ஆக்குவதும், ‘முதலில்’ என்பதற்கு விலை வைப்பதும், அந்த விலையைக் கொடுக்க முடியாதவர்களை வாசலில் குவிப்பதும் பக்தியின் செயலன்று, நிர்வாகத்தின் செயல். ஹைதராபாதில் அந்தச் சிறப்புக் காட்சிக்கும் கட்டண உயர்வுக்கும் அனுமதி தந்தது மாநில அரசு. பெங்களூருவில் ஊர்வலம் உண்டு, இல்லை என்று மாறிமாறி அறிவிப்புகள் வந்தன. இலவச நுழைவுச்சீட்டு குறைவாகவே இருக்கிறது என்றும் சொல்லப்பட்டது. இவற்றைச் செய்தவர்கள் பரவசத்தில் தன்னை மறந்தவர்கள் அல்லர், கணக்குத் தெரிந்தவர்கள்.

தேரோட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும். தேரை இழுப்பவர்கள் ஆயிரம் பேர் என்றால், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடச் சிலர் கூடவே நடப்பார்கள். அவர்களுடைய பெயரை யாரும் சொல்வதில்லை. அவர்கள் இல்லாமல் தேர் நகராது. நட்சத்திரத் தேருக்கு வடம் பிடிக்க லட்சம் பேரை அழைத்தவர்கள், முட்டுக்கட்டை போட ஓர் ஆளை நியமிக்கவில்லை. விபத்துக்குப் பின்னால், “வடம் பிடித்தவர்களின் ஆர்வ மிகுதி” என்று அறிக்கை விடுகிறார்கள்.

இனி, எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டது என்ன என்று பார்ப்போம்.

சந்தியா திரையரங்கு இருக்கும் அதே ஹைதராபாதின் மேற்கே கோல்கொண்டாக் கோட்டை இருக்கிறது. அங்கே ஓர் இருட்டறையைக் காட்டி, “இது ராமதாசரின் சிறை” என்பார்கள். பதினேழாம் நூற்றாண்டில் கோல்கொண்டா சுல்தானின் கீழ் வரிவசூல் அதிகாரியாயிருந்த கோபண்ணா, அரசுப் பணத்தை எடுத்துப் பத்ராசலத்தில் ராமனுக்குக் கோயில் கட்டினார் என்பதற்காகச் சிறையிடப்பட்டார். சிறையில் அவர் பாடியவை இன்றும் தெலுங்கு வீடுகளில் ஒலிக்கின்றன. அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று, சுருக்கமாகச் சொன்னால், ஒரு செலவுக் கணக்கு. உனக்கும் உன் மனைவிக்கும் தம்பிகளுக்கும் இன்னின்ன நகை செய்தேன், இத்தனை வராகன் ஆயிற்று, யார் வீட்டுப் பணம் என்று நினைத்து இப்படி மினுக்கிக்கொண்டு திரிகிறாய் என்று ராமனிடம் நேருக்கு நேர் கேட்கிறார். பிறகு, அடியின் வலி தாங்காமல் திட்டிவிட்டேன், மனத்தில் வைத்துக்கொள்ளாதே என்றும் சொல்கிறார். பக்தியை விட்டு அவர் விலகவில்லை. கணக்குக் கேட்பதையும் விடவில்லை.

இது ஒரு தனிமனிதரின் துணிச்சலன்று, மரபு. பார்வை பறிபோனபோது சுந்தரர் சிவனை வசைபாடினார். வசை தேவாரத்தில் சேர்க்கப்பட்டது. துக்காராம் விட்டலனைக் கடன்காரன்போல் நிறுத்திக் கேள்வி கேட்டார். இறைவன் இறந்துவிட்டான் என்று சொல்லும் எல்லைக்கும் போனார். வார்க்கரிகள் இன்றும் அவர் பாடல்களைப் பாடிக்கொண்டே பண்டரிபுரம் நடக்கிறார்கள். கொடுங்கல்லூர் பரணியில் பகவதியை நோக்கிக் காது கூசும் பாட்டுகளைப் பாடுவதே வழிபாடு. நிந்தாஸ்துதி என்று அதற்குப் பெயர் வைத்து, இலக்கணமும் வகுத்த பண்பாடு இது. இந்து பக்தியின் பெருமை என்று எதையாவது சொல்ல வேண்டுமானால், பணிவை அன்று, இந்தச் சண்டையைத்தான் நான் சொல்வேன்.

கடவுளைத் திட்டலாம். நடிகரைத் திட்டிப் பாருங்கள். படம் நன்றாக இல்லை என்று ஒரு வரி எழுதிய விமர்சகரின், குறிப்பாக விமர்சகர் பெண்ணாயிருந்தால், பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சமூக ஊடகத்தில் இருக்கும் நீங்கள் அனைவரும் பார்த்திருக்கிறீர்கள். சுந்தரருக்கு இருந்த உரிமை, துக்காராமுக்கு இருந்த உரிமை, ஒரு ரசிகனுக்குத் தன் நாயகனிடம் இல்லை. கோயிலிலிருந்து வரிசையை எடுத்துக்கொண்டார்கள், பூசாரியை எடுத்துக்கொண்டார்கள், உண்டியலை எடுத்துக்கொண்டார்கள். பக்தனின் வாயை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டார்கள்.

ஒரு மறுப்பு எழக்கூடும். ரசிகர்கள் கோபப்படுவதில்லையா? 2007 உலகக் கோப்பையில் வங்கதேசத்திடம் இந்தியா தோற்றபோது ராஞ்சியில் தோனி கட்டிக்கொண்டிருந்த வீட்டைத் தாக்கினார்களே? உண்மைதான். ஆனால் அது சண்டையன்று, தண்டனை. ராமதாசர் ராமனின் கோயிலை இடிக்கவில்லை, கணக்குக் கேட்டார். கேள்வி கேட்கப் பழகாத அன்புக்கு இரண்டே நிலைகள்தாம் தெரியும்: பாலாபிஷேகம், கல்வீச்சு. இரண்டுக்கும் நடுவில் பேச்சு என்ற ஒன்று இருக்கிறது. ஜனநாயகம் குடியிருப்பது அங்கேதான்.

ஆகவேதான் அரசியல் நிர்ணய சபையில் 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் விடுத்த எச்சரிக்கையை நாம் இன்னும் கூர்ந்து படிக்க வேண்டும். சமயத்தில் பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாகலாம். அரசியலில் அது சீரழிவுக்கும் முடிவில் சர்வாதிகாரத்துக்கும் இட்டுச்செல்லும் என்றார் அவர். அதை ஒரு படி நீட்டிச் சொல்லத் துணிகிறேன். சமயத்தில் பக்தி அந்த அளவுக்கேனும் தாங்கத்தக்கதாக இருந்ததற்குக் காரணம், அதற்குள் ஒரு சண்டைக்காரன் உட்கார்ந்திருந்தான். திரையிலிருந்தும் மைதானத்திலிருந்தும் மேடையிலிருந்தும் நம்மிடம் கேட்கப்படுவது அந்தச் சண்டைக்காரனை வெளியேற்றிய பக்தி. நடிகருக்கு மட்டுமன்று, தலைவருக்கும் அதைத்தான் இன்று நாடு முழுவதும் செலுத்திக்கொண்டிருக்கிறோம்.

சந்தியா திரையரங்கு வழக்கில் நாயகன் 2024 டிசம்பர் 13 அன்று கைது செய்யப்பட்டு, அன்றே உயர் நீதிமன்றத்தில் இடைக்காலப் பிணை பெற்றார். குற்றம் யாருடையது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம், நானன்று. ஆனால் பிணையில் வந்தவரைப் பார்க்கத் திரையுலகம் அவர் வீட்டு வாசலில் திரண்ட காட்சி நாள் முழுவதும் தொலைக்காட்சிகளில் ஓடியது. மருத்துவமனையில் கிடக்கும் சிறுவனை ஏன் போய்ப் பார்க்கவில்லை என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் கேட்டார். சரியான கேள்வி. காட்சிக்கு அனுமதி கொடுத்தது யார் என்ற கேள்வியையும் அதே மூச்சில் அவர் தம்மிடமே கேட்டிருக்க வேண்டும்.

ரசிகர்களுக்கு நான் சொல்ல விரும்புவது சிறிது. உங்கள் அன்பை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, விருப்பமும் இல்லை. ஆனால் அடுத்த முறை உற்சவர் புறப்படும்போது, மன்றத் தலைவரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை மணிக்கு வருவார்? எத்தனை பேருக்கு இடம்? வெளியே போக எத்தனை வழி? ஏதேனும் நேர்ந்தால் யார் பெயரில் வழக்கு? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் வீட்டில் இருங்கள். மூலவர் திரையில்தான் இருக்கிறார். எங்கும் போய்விட மாட்டார்.

கேட்டால் பக்தி குறைந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். ராமதாசர் கணக்குக் கேட்ட பிறகும் பத்ராசலத்தில் ஆண்டுதோறும் சீதாராம கல்யாணம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ராமனுக்கே கணக்குக் கேட்டவர்களின் வழியில் வந்தவர்கள் நாம். ஒரு நடிகரிடம் கேட்க நமக்கு என்ன கூச்சம்?